காய்ந்த புல் நிறத்தில் மூன்று பனியன்

வெள்ளியங்கிரி திருப்பூர் மண்ணரையை விட்டுக் கிளம்பியது 1986ஆம் வருடம், பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சாயப்பட்டறை முதலாளி கந்தப்பனின் ஜீப் லைன் வீட்டு வாசலில் வந்து நின்று ஆரன் அடித்தது. அக்கா மருதாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஏறினான். அவள் புருஷன் நல்லான் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பொழுது எறங்கறதுக்குள்ள ஊடு வந்து சேருங்க ரெண்டு பேரும்" என்றாள் மருதாள். "எங்க போறீங்கன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டீங்களே."

"மொதலாளி தோட்டத்துல தேங்கா போடறோம் புள்ள" என்றான் நல்லான்.

"தேங்கா போடறதுக்கு எதுக்கு மூணு பேரும் ஒரே பனியனு? பள்ளிக்கூடத்துப் பசங்களாட்ட!"

கந்தப்பன் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். அவருடைய காலுக்கடியில், சாக்கில் சுற்றிய துப்பாக்கி இருந்தது. அன்றைக்கு அந்த வாசலை விட்டுப் போன வெள்ளியங்கிரி, பிறகு எட்டு வருடம் அதை மிதிக்கவில்லை.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தான். அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். இவன் கந்தப்பன் பட்டறையில் ஈரத்துணி சுமந்தான். சுமந்த பையன் தொட்டி ஓரம் நின்று கலர் பார்க்கக் கற்றுக்கொண்டான். கடையில் இருந்து மாதிரிக்கு வரும் துண்டுத் துணியை வெயிலில் ஒரு தடவை பிடித்துப் பார்த்தால், எந்தப் பொடியில் எவ்வளவு போட வேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடுவான். முந்தின ஆவணியில்தான் மருதாளுக்கும் அதே பட்டறையில் வேலை செய்த நல்லானுக்கும் கல்யாணம் ஆனது. மூன்று பேரும் ஒரே அறை வீட்டில் இருந்தார்கள். வெள்ளியங்கிரிக்கு உலகத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் கந்தப்பனின் மாமனார் வீட்டுத் தோட்டம் இருந்தது. மலையிலிருந்து கடமான் இறங்கி வந்து அவரையையும் மொச்சையையும் மேய்ந்துவிட்டுப் போகிறது என்று மாமனார் புலம்பிக்கொண்டே இருந்தார். கன்றுக்குட்டி மாதிரி உடம்பு, கிளைக் கொம்பு, செம்பழுப்பு முடி என்று அவர் வர்ணித்ததைக் கேட்டுக் கேட்டுக் கந்தப்பனுக்கு ஆசை வந்துவிட்டது. மான் சுட்டால் ஜெயில் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பொங்கல் லீவில், பட்டறையே காலியாகக் கிடக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்பினார்.

வெள்ளைத் துணியைக் கண்டால் கடமான் நிற்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். திருப்பூரில் இருப்பதெல்லாம் வெள்ளைப் பனியன். தோட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த மலைப்புல் கொண்டுவந்து வெள்ளியங்கிரி முன்னால் போட்டார்.

"கண்ணு, இந்தக் கலரு அப்படியே வேணும். மூணு பனியன் போட்டுக் குடு. புல்லுக்குள்ள படுத்தா நீ எங்கிருக்கறேன்னு எனக்கே தெரியக்கூடாது."

வெள்ளியங்கிரி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். முதல் தடவை மஞ்சள் தூக்கியது. அடுத்த தடவை காப்பிக்கொட்டை மாதிரி கறுத்துப்போனது. கடைசியில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்துப் பிடித்துவிட்டான். பனியனைப் புல்லின் மேல் விரித்தபோது எது துணி, எது புல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் புல்லில் படுத்து எழுகிற கடமானும் அதே நிறம்தான் என்று பட்டறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. அவர்களில் ஒருவரும் அதுவரை கடமானைப் பார்த்ததில்லை.

தோட்டத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு மலை ஏறினார்கள். ஓடைப் பள்ளத்தை ஒட்டி, உருண்டை உருண்டையான பாறைகளுக்கு நடுவே ஏற்றம். உண்ணிச்செடி கையைக் கிழித்தது. கொஞ்ச தூரத்தில் யானைச் சாணம் கிடந்தது. நல்லான் குனிந்து கையை மேலே காட்டிப் பார்த்தான்.

"சூடா இருக்குதுங்க மொதலாளி."

"வாய மூடிட்டு நட."

கந்தப்பன் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பனியன் பஞ்சை எடுத்து ஊதினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க அதுதான் வழி. பஞ்சு அவர்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. காற்று எதிரே வருகிறது, மானுக்கு மனித வாடை போகாது என்று தலையாட்டினார். வெள்ளியங்கிரிக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. எங்கோ ஒரு குரங்கு கத்தினால் தரையோடு ஒட்டிக்கொண்டான். காக்கிச் சட்டைக்காரர்கள் எந்தப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று ஒவ்வொரு பாறையையும் பார்த்துக்கொண்டே ஊர்ந்தான்.

மேட்டின் மேல் வந்தபோது கீழே ஒரு சரிவு தெரிந்தது. ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். நடுவில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் புதுக் குளம்படி. மான் புல்லுக்குள்ளேயே படுத்திருக்கிறது என்று கந்தப்பன் ஜாடையால் சொன்னார். நல்லான் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து கலைக்க வேண்டும். மான் குட்டைப் பக்கம் ஓடி வரும், இவர் சுடுவார்.

நல்லான் போகும்போது வெள்ளியங்கிரியின் காதருகே குனிந்தான். "மாப்ளே, மான் வந்தா உன்ற மேல ஏறிட்டுப் போயிரும். அம்மான்னு கத்தாத."

"நீங்க கத்தாம இருங்க மச்சான்."

அவன் புல்லுக்குள் நுழைந்தான். இரண்டு எட்டில் காணாமல் போனான். பனியனின் நிறம் அவ்வளவு சரியாக இருந்தது.

காத்திருந்தார்கள். கந்தப்பன் பாறையின் நுனிக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தபோது வேர்வையில் மூக்குக்கண்ணாடி நழுவியது. பாறையில் பட்டு, பள்ளத்தில் விழுந்து உடைந்தது. அவர் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தொட்டி எது, துணி எது என்று தெரியாது. அது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கேலி.

துப்பாக்கி வெள்ளியங்கிரியின் கைக்கு வந்தது.

"எனக்கு வேண்டாமுங்க."

"மெதுவாப் பேசு. குதிரையெல்லாம் ஏத்தித்தான் இருக்குது. இழுத்தாப் போதும்."

"நான் தொட்டதே இல்லீங்க மொதலாளி. பயமா இருக்குதுங்க."

"கலரு பாக்கற கண்ணுடா உன்றது. புல்லு எது, மானு எதுன்னு உனக்குத் தெரியாதா? புடி!"

முதலாளி பிடி என்றால் பிடித்துத்தான் பழக்கம். பிடித்தான். இரும்பு சில்லென்று இருந்தது. தூக்கும்போது குழல் பாறையில் தட்டிச் சத்தம் போட்டது. எதிர்ச் சரிவில் புல் அசைந்தது. அசைவு நின்றது. மறுபடி அசைந்தது. புல்லுக்கு நடுவில் ஒரு செம்பழுப்பு முதுகு மேலெழுந்தது.

"தெரியுதா? தெரியுதாடா?"

"தெரியுதுங்க."

"சுடு!"

இழுத்தான். தோளில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. மலை முழுக்கச் சத்தம் சுற்றி வந்தது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் எதிர்ச் சரிவிலிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்தது. "ஐயோ, அம்மா!" முதுகு புல்லுக்குள் சாய்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

அந்த நிறத்தை அப்போதுதான் வெள்ளியங்கிரி அடையாளம் கண்டான். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு, கடைசியாகச் சேர்த்த சிவப்பு. மானின் நிறம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தன் கையால் போட்ட நிறம் தெரியும்.

துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"டேய், நில்லுடா! ஓடினா தொலைச்சுப்புடுவேன்!" கந்தப்பனின் குரல் பின்னாலேயே வந்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்து, பாறையில் முட்டி பெயர்ந்து, செடிக்குள் புகுந்து ஓடினான். பின்னால் கல் உருண்டது. துரத்துவது முதலாளியா, போலீஸா, செத்துப்போன மச்சானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. தார்ச்சாலைக்கு வந்ததும் பனியனைக் கழற்றி முள்ளில் எறிந்தான். தக்காளி ஏற்றிய லாரிக்காரன் ஒருவன், வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்து "என்னடா, ஆனை தொரத்துச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினான். லாரிக்காரன் ஒரு பழைய சட்டையைக் கொடுத்துப் பல்லடத்தில் இறக்கிவிட்டான்.

அங்கிருந்து திருப்பூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டான். மண்ணரைக்குப் போகும் வழியில் காலும் வைத்தான். அக்கா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். "அவரெங்கடா?" என்பாள். அதற்கு மேல் அவனால் நடக்க முடியவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு போய், முதலிபாளையம் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள் என்று அறிந்து போய் நின்றான். பெயர் கேட்டார்கள். கன்னையன் என்றான்.

பம்பாய்க்கோ மெட்ராஸுக்கோ ஓட வேண்டியிருக்கவில்லை. தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் புது முகங்கள் வந்து இறங்கும் ஊர் அது. கையில் தெம்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அக்காவின் வீட்டுக்குச் சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில், அவன் வேறு ஆளாக வாழ ஆரம்பித்தான்.

கலர் போடத் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயக்காரனைத்தானே தேடுவார்கள். குளோரின் தொட்டியில் இறங்கித் துணியை வெளுத்தான். கை வெந்து தோல் உரிந்தது. டீக்கடையில் பேப்பர் வந்ததும் முதல் ஆளாக வாங்கி, காட்டில் பிணம் என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று தேடுவான். ஒன்றும் இல்லை. கந்தப்பன் பணக்காரர், புதைத்திருப்பார் என்று நினைத்தான். அப்படியானால் தன்னையும் தேடிக்கொண்டிருப்பார். நடந்ததைப் பார்த்த சாட்சி இவன் ஒருவன்தானே.

வாசலில் ஜீப் நின்றால் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவான். ஒரு தடவை கரண்டு மீட்டர் பார்க்க வந்த காக்கிச் சட்டைக்காரரைக் கண்டு சுவரேறிக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டான். "ஏனப்பா கன்னையா, கரண்டு திருடறியா நீ?" என்று அதைச் சொல்லி மாதக்கணக்கில் சிரித்தார்கள். பெண் கொடுக்க ஒரு வீட்டில் வந்து கேட்டபோது, சொந்த பந்தம் யாருமில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்தான். பெண் வீட்டார் விசாரிக்க ஆரம்பித்தால் ஊர் பெயர் வரும்.

ஒரே ஒரு முறை அக்காவைப் பார்த்தான். 1990ஆம் வருடம், புஷ்பா தியேட்டர் பக்கம் பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மருதாள் முதுகைக் காட்டிக்கொண்டு பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். இடுப்பில் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அப்படியானால் அன்றைக்கு ஜீப் கிளம்பிய சமயம் அவள் வயிற்றில் இருந்திருப்பானோ? தகப்பனைப் பார்க்காத பிள்ளையோ? அவள் திரும்பினால் நெற்றி தெரியும். பொட்டு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவள் திரும்பினாள். அவன் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். பஸ் நகர்ந்து வெகுதூரம் போன பிறகுதான் நிமிர்ந்தான். அன்றிரவெல்லாம், பூக்காரியிடம் நின்றாளே, பூ வாங்கினாளா என்று யோசித்துக்கொண்டே கிடந்தான். சாமி படத்துக்குக்கூட வாங்கியிருக்கலாம் அல்லவா.

1994ஆம் வருடம் தை மாதம், பட்டறைக்குப் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் தேனிப் பக்கத்துப் பெண்ணொருத்தி சேர்ந்தாள். பெயர் பாண்டியம்மாள். டீக்கடையில் அவனை உற்று உற்றுப் பார்த்தாள். அவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுவாரம், அவன் தனியாகத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொடியின் மறுபக்கம் வந்து நின்று துணியைத் தடவிப் பார்ப்பது போலப் பேசினாள்.

"அண்ணே, ஓடிறாதீக. நீங்க வெள்ளியங்கிரிதான?"

எட்டு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். மதில் எவ்வளவு உயரம் என்று பார்த்தான்.

"நான் கன்னையன். போங்க அக்கட்டால."

"நான் மண்ணரையில மருதாக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு. உங்க மூஞ்சி அக்கா மூஞ்சிய அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு. போய்ச் சொன்னேன். அக்கா அப்பயே ஓடியாரப் பாத்துச்சு. எங்களக் கண்டா மறுபடி ஓடிருவான்னு உங்க மச்சான்தான் பிடிச்சு நிறுத்துனாரு."

"யாரு?"

"உங்க மச்சான்ணே. நல்லாண்ணன்."

வெள்ளியங்கிரி கொடியைப் பிடித்துக்கொண்டான். ஈரத்துணி மொத்தமும் தரையில் சரிந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டே, யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி, ஒன்றும் விட்டுப்போகாமல் சொன்னாள்:

"அவரு சொல்லச் சொன்னது இது. நீங்க சுட்டது ஆகாசத்துல போயிருச்சாம். சத்தத்துக்கு மான் எந்திரிச்சு அவரு மேல ஏறி ஓடுனதுல தோள்பட்டை எறங்கிருச்சாம், அதுக்குத்தான் கத்துனாராம். மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் காது குத்துவேன்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்கிதாம். மூத்தவனுக்கு ஏழு வயசாச்சு, சின்னவளுக்கு நாலு. ரெண்டுக்கும் இன்னும் மொட்டைக் காதுதான். பள்ளிக்கூடத்துல பயலுக கேலி பண்றானுகளாம். வர்ற வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்காம். 'அவன ஒண்ணும் கேக்க மாட்டோம், வந்து ஒக்காரட்டும்'னு சொல்லச் சொன்னாரு."