மூச்சு விடும் பக்கம்

பட்டறையில் அவளுக்கு ஓசக்கா என்று பேர். ரப்பர் குழாயைப் பட்டறையில் ஓஸ் என்பார்கள், ஓஸ் அக்கா என்பது தேய்ந்து ஓசக்கா ஆனது. புதிதாக வரும் வாடிக்கைக்காரர்கள் காதில் அது 'ஓசி அக்கா' என்று விழும். யாரிடமோ எதையோ இனாமாக வாங்கிப் பிழைக்கிறவள் போலிருக்கிறது என்று அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவளோ பக்கத்துக் கடையில் ஒரு டீயைக்கூட அடுத்தவர் செலவில் குடித்தவளில்லை. பேர் வைத்தது அவள் புருஷன் என்பதால் மாற்றச் சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை.

முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய டர்போ கார்கள் மட்டும் வருகிற பட்டறை அது. பானட்டைத் தூக்கினால் இன்ஜின் கண்ணில் படாது, குழாய்தான் படும். டர்போவுக்குக் காற்று போக ஒன்று, அது அமுக்கித் தரும் காற்று இன்ஜினுக்கு வர ஒன்று, தண்ணீருக்கு நாலு, எண்ணெய்க்கு ரெண்டு, எதற்கென்று செய்தவனுக்கே மறந்துபோன இன்னும் சில. சூட்டில் வெந்து வெந்து ரப்பர் வறட்டியாகிக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து உதிரும். எல்லாவற்றையும் அளந்து, புதுசு வெட்டி, முனைகளில் வெள்ளை பெயின்டால் எழுத்துப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மாட்டுவது புருஷன் வேலை. இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பட்டறைக்குச் சொந்தக்காரர் புருஷனுடைய அண்ணன். ஊரெல்லாம் அவரைப் பெரியவர் என்றது, அவள் மட்டும் மாமா என்றாள்.

இந்தக் குழாய்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. இன்ஜின் ஓட ஓட அதன் வயிற்றுக்குள் புகை சேரும். அதை வெளியே விட ஒரு மூச்சுக் குழாய் உண்டு. இன்ஜின் வயிற்றிலிருந்து புறப்பட்டு, காற்று உள்ளே போகிற பக்கம் போய்ச் சேரும். சாதாரண வண்டியில் இதற்கு ஒரு வம்பும் இல்லை. டர்போ வண்டியில், மிதித்து ஓட்டும்போது அந்தப் பக்கத்துக் காற்று அழுத்தம் கூடி, வந்த வழியே திரும்பி வயிற்றுக்குள் பாயப் பார்க்கும். அதைத் தடுக்கக் குழாய்க்கு நடுவில் ஒரு வால்வு வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு. அவள் அதைக் குழாய்க்குள் முழுசாகத் திணித்துவிடுவாள், வெளியே ஒன்றும் தெரியாது. மற்றக் குழாய்களைத் தப்பாக மாட்ட நினைத்தாலும் முடியாது. வளைவு ஒத்துழைக்காது, வாய் சேராது. இது ஒன்றுதான் ரெண்டு முனையும் ஒரே அளவு, சாண் நீளத்துக்கு நேர்க்குழாய். அதனால் ஒரு முனையில் 'வி' என்று எழுதுவாள், மூச்சு விடும் பக்கம். மறு முனையில் 'வா', வாங்கும் பக்கம்.

நாலு மாதத்துக்கு முன்னால், காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்த புருஷன் நிமிரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவள் அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நெஞ்சழுத்தக்காரி என்று நாத்தனார் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. கேட்டது, உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தாள். பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள், தூக்கமும் ஒழுங்காக வந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பெல்லாம் புது வண்டி வந்தால் அவளே பானட்டுக்குள் தலையை விட்டு அளப்பாள். இப்போது வண்டிப் பக்கமே போவதில்லை. பழைய குழாயைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே அளந்து அங்கேயே எழுதினாள்.

புருஷன் இடத்துக்கு ஒரு பிட்டர் வந்தார். வேலைக்குப் புதுசு என்பதால் 'புதுசு' என்றே பேர் விழுந்துவிட்டது. தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, வயசு ஐம்பதைத் தொடப்போகிறது, பேர் மட்டும் புதுசு. இந்த வேலையை நம்பி வீட்டையே பின்தெருவுக்கு மாற்றிக்கொண்டு வந்தவர். பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் மாறி ஒரு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே மூச்சுக் குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்க்கப் போனார். பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்னப்பா, எங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுல சந்தேகமா? ஓசக்கா எழுத்துதான் இங்க சட்டம். அதுல இருக்குறபடி மாட்டு. உன் சொந்த மூளையெல்லாம் வீட்ல வெச்சுட்டு வா."

புதுசு ஊதுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாடிக்கைக்கார வக்கீல் ஒருவருடைய கறுப்புக் காரைப் புதுசு ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனார். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டிப் போன கார், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் வந்தது. மேட்டில் மிதித்தபோது டர்போ காற்று மொத்தமும் இன்ஜின் வயிற்றுக்குள் பாய்ந்து, எண்ணெய் அளக்கும் குச்சி பிடுங்கிக்கொண்டு எழுந்து, எண்ணெய் பழுக்கக் காய்ந்த டர்போ மேல் கொட்டித் தீப்பிடித்திருக்கிறது. புதுசு பானட்டைத் தூக்கி, சாக்கை நனைத்துப் போட்டு அணைத்துவிட்டார். இடது கை வெந்துபோனது. வக்கீலுக்குச் சட்டை மட்டும் அழுக்கு. ஆனால் அவர் பேசிய பேச்சைக் கேட்டால் அவர்தான் எரிந்தார் என்று நினைக்கத் தோன்றும்.

பெரியவர் மூச்சுக் குழாயைக் கழற்றி, இன்ஜின் பக்கம் இருந்த முனையில் ஊதினார். போகவில்லை. திருப்பி ஊதினார். போனது.

"தலைகீழா மாட்டியிருக்க."

"எழுதியிருந்தபடிதான் அண்ணே மாட்டினேன். 'வி'யை இன்ஜின் பக்கம் வெச்சேன்."

"இதே எழுத்தைப் பாத்து என் தம்பி இருபத்திரண்டு வருஷம் மாட்டினான். ஒரு வண்டி புகைஞ்சதில்ல. நீ வந்து மூணு மாசத்துல கொளுத்திட்ட. நாளைக்குக் காலையில வந்து உன் சாமானை எடுத்துக்கிட்டுப் போயிடு."

புதுசு கையைத் தண்ணீர்ப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை. அவள் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க அக்கா. 'வி'ன்னா விடுற பக்கம். சரி. யாரு விடுறது? இன்ஜினா, ஓசா?"

அவள் மனசுக்குள் குழாயை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். இன்ஜின் மூச்சு விடுகிற இடத்தில் குழாய் மூச்சை வாங்குகிறது. அது விட்டால் இது வாங்கும். அதே முனைக்கு ரெண்டு எழுத்தும் பொருந்தும். இருபத்திரண்டு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"அக்காகிட்ட என்ன கேள்வி? அவளே நொந்து போயிருக்கா" என்று பெரியவர் குறுக்கே வந்தார். அவள் நொந்து போயிருக்கவில்லை. நொந்திருந்தால் தேவலையே என்று தோன்றியது.

சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாரும் போன பிறகு அவள் பட்டறைக்குள் நடந்தாள். ஜன்னல் வழியாக வெளிச்சம் இன்னும் இருந்தது. புருஷன் மாட்டிய வண்டிகள் ஐந்து, வேறு வேறு வேலைகளுக்காக வந்து நின்றன. நாலு மாதம் கழித்து முதல் தடவையாகப் பானட்டைத் தூக்கினாள். வெள்ளை வண்டியில் இன்ஜின் பக்கம் 'வி'. அவள் எழுத்துதான், வாலை நீட்டி இழுப்பது அவள் வழக்கம். அடுத்ததில் இன்ஜின் பக்கம் 'வா'. அதுவும் அவள் எழுத்து. மூன்றாவதில் 'வி'. நாலாவதில் 'வி'. ஐந்தாவதில் 'வா'. ஐந்தும் வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டிகள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. வண்டிக்குள் தலையை விட்டு அளந்தபோதெல்லாம் இன்ஜினை நினைத்து எழுதியிருக்கிறாள். மேஜையில் வைத்து அளந்தபோதெல்லாம் குழாயை நினைத்து எழுதியிருக்கிறாள். இப்படியும் அப்படியுமாக இருபத்திரண்டு வருஷம். புதுசுக்கு முதலில் கொடுத்தவை வண்டியில் அளந்து எழுதிய பழைய இருப்பு, மேஜையில் எழுதியது வக்கீல் வண்டிக்குத்தான் முதலில் போனது. புருஷன் ஒருநாளும் அந்த எழுத்தைப் பார்த்து மாட்டவில்லை. அவள் நீட்டும்போது வாங்கி, முனையைப் பார்த்து, "சரி" என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் ஊதிப் பார்த்து அவர் பாட்டுக்கு மாட்டியிருக்கிறார். அவள் எழுத்தால் பட்டறை நடக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். பட்டறையும் அப்படித்தான் நினைத்திருந்தது.

பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. புதுசு போய்விடுவார், அவள் மேஜை அவளுக்கு இருக்கும். சொன்னால் மேஜை போனாலும் போகும். போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தாள். பயமும் வரவில்லை. தப்பு தன்னுடையது என்பது மட்டும் கல் மாதிரி கிடந்தது, அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

மறுநாள் புதுசு கட்டுப்போட்ட கையோடு ஸ்பானர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பெரியவரிடம் போனாள்.

"மாமா, அது அவர் தப்பில்ல. என் எழுத்து தப்பு. நேத்து இல்ல, ஆரம்பத்துலருந்தே தப்பு."

"அவர் மேல பாவப்பட்டு உன் தலையில போட்டுக்காதம்மா. உன் எழுத்துல தப்புன்னா என் தம்பி எப்படி மாட்டினான்?"

"என் எழுத்தைப் பாத்து மாட்டல. வந்து பாருங்க."

ஐந்து பானட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூன்றாவது வண்டியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் தம்பியின் கைவேலை என்பதால் ஐந்தையும் பார்த்தார்.

"எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்" என்றார். பிறகு கடைசிப் பானட்டைச் சாத்திவிட்டு, "நீ வேணும்னா கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. மனசு தேறினதும் வா" என்றார்.

அவள் எதிர்பார்த்தது வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள்.

புதுசு பையைக் கீழே வைத்தார். "ஊதிப் பாக்காம மாட்டினது நான் அண்ணே. யாரு என்ன எழுதினாலும் பிட்டர் ஊதிப் பாக்கணும். நீங்க ஊதாதன்னு சொன்னீங்க, நானும் விட்டுட்டேன். அப்படிப் பாத்தா மூணு பேருமில்ல வீட்ல இருக்கணும்?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. முகம் போன போக்கில் இன்னொரு சத்தம் வருமோ என்றிருந்தது. வரவில்லை. "சரி சரி, ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க. வக்கீல்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ரூமுக்குள் போய்விட்டார்.

"எழுத்தே வேணாம் அக்கா" என்றார் புதுசு. "புகை போற பக்கம் ஒரு அம்புக்குறி போடுங்க. யாரு விட்டா என்ன, யாரு வாங்கினா என்ன."

அம்புக்குறி. பள்ளிக்கூடப் பிள்ளை போடுவது. அலமாரியில் இருந்த மூச்சுக் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, பழைய எழுத்தைத் துடைத்துவிட்டு அம்பு போட்டாள். ரப்பர் நாற்றம் வாயெல்லாம் ஏறியது. பத்தாவது குழாயில் அவள் கை நின்றது. இந்த நாற்றத்தைப் புருஷன் எத்தனை ஆயிரம் தடவை வாயில் வாங்கியிருப்பார் என்று நினைத்தாள். உடனே கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் திருத்தியிருப்பாளே. சொன்னால் தாங்க மாட்டாள் என்று நினைத்தாரா? சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாரா? மனசுக்குள் சிரித்துக்கொண்டாரா? மத்தியானம் சாப்பிடும்போதும் அதே கோபம். நாலு மாதமாக ஒன்றுமே ஏறாத உடம்பில் அது குபுகுபுவென்று ஏறியது.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கு விடப்போவதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தீர்களா என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் மழுப்புவார். மழுப்பினால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு, பாதித் தெரு வேகமாக நடந்துவிட்டாள்.

வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது மருந்துக் கடை வாசலுக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து வெளியே போட்டார். அவள் அதில் உட்கார்ந்து அழுதாள்.