பின்னால் கூப்பிட்டவன்

புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிட்டவன் என்ற பழியை ராகுலன் ஏழு வருடமாகச் சுமக்கிறான். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் அதைச் சொல்லும். பழியைப் போட்டவர் பக்கத்து வீட்டு இராஜரட்ணம் அண்ணை.

அண்ணை காலமெல்லாம் லொறி ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை, மனிசி புனிதவதி அக்கா மட்டும்தான். வேலையை விட்டதும், சனம் சிரிக்கச் சிரிக்க, கட்டிலும் அடுப்புமாக வீடு மாதிரியே ஓடும் ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கினார்.

"இவ்வளவு காலமும் சாமான் ஏத்தினன். இனி மனிசியை ஏத்தப்போறன்."

வடக்கே ஏரிக்கரைக்கு முதல் பயணம். பின்னால் காரையும் கட்டி இழுக்கவேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ராகுலனும் லொறிக்காரன்தான்.

"ஏன் அண்ணை உந்தக் கரைச்சல்? அங்கை போய் ஒண்டை வாடகைக்கு எடுங்கோவன்."

"காட்டுக்கை ஆர் வாடகைக்குக் கார் வைச்சிருக்கிறான், உன்ரை மாமனோ? இவளுக்கு நெஞ்சு வருத்தம். அவசரமெண்டால் வீட்டையோ உருட்டிக்கொண்டு ஓடுறது?"

நியாயம்தான். ராகுலனே காரைக் கொழுவிக் கொடுத்தான்.

மறுநாள் அண்ணை சில்லுக்குத் தேசிக்காய் நசித்துப் புறப்பட்டார். தெருமுனையில் திரும்பும்போது காரின் பின்சில்லுகள் உருளாமல் இழுபடுவதை ராகுலன் கண்டான். பெட்டி வைக்கக் காருக்குள் ஏறிய அண்ணை, லொறிப் பழக்கத்தில் ஹாண்ட்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

"அண்ணை! நில்லுங்கோ அண்ணை!"

வெறுங்காலோடு ஓடினான். அண்ணை நிற்கவில்லை. பயணம் புறப்பட்டவன் பின்குரலுக்கு நிற்கக்கூடாது. ராகுலன் போன் அடித்தான். அதையும் அவர் எடுக்கவில்லை. அதுவும் பின்குரல்தானே.

நெடுஞ்சாலையில் பிறேக் எரிந்து, ரயர் வெடித்தது. காரை வழியில் ஒரு கராஜில் விட்டார்கள். அப்போதாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். பாதி வழியில் திரும்புவது அதைவிடக் கெட்ட சகுனமென்று அண்ணை கார் இல்லாமலே ஏரிக்கரைக்குப் போனார்.

அடுத்தநாள் மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சை அடைத்தது. போனுக்குச் சிக்னல் இல்லை. தண்ணீர்க் குழாயையும் கரண்ட் வயரையும் கழற்றி, அந்த ஒடுங்கிய பாதையில் மோட்டர்ஹோமை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பமுதல் அக்கா போய்விட்டா.

செத்த வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அண்ணை கைநீட்டிக் காட்டினார்.

"பின்னாலை கூப்பிட்டு அனுப்பினவன் உவன்தான்."

பிணத்துக்கு முன்னால் என்ன வழக்குப் பேசுவது? மோட்டர்ஹோம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கறள் பிடித்தது. அண்ணை பிறகு எதையும் ஓட்டவில்லை. ராகுலனோடு கதைக்கவுமில்லை.

போன மார்கழியில் அண்ணைக்கு ஈரலில் புற்றுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் ராகுலனைத்தான் அழைத்தாள். அண்ணை வேறு எவருடைய பேரையும் கொடுக்கவில்லையாம். ராகுலன் கோபத்தோடுதான் போனான்.

"வந்திட்டியோ? இரு."

இருந்தான்.

"அண்டைக்கு நீ ஓடி வந்ததைக் கண்ணாடியிலை கண்டனான். நிண்டிருக்கலாம்."

"ஓம் அண்ணை. நிண்டிருக்கலாம்."

ஆறுதலாக ஒரு சொல் சேர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. அண்ணையும் எதிர்பார்க்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"என்னைப் பெட்டியிலை கொண்டு போகேக்கை, பின்னாலை நிண்டு கூப்பிடு. அண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. நீ மறிக்கத்தான் கூப்பிட்டனி எண்டு வாற சனம் எல்லாத்துக்கும் கேக்கவேணும்."