சுண்ணாம்புக் கப்பல்

முதுகை வளைத்து, பின்பக்கமாகவே நடந்தபடி, சுண்ணாம்புத் தூளைக் கோடாக விட்டுக்கொண்டே போகிறார் ஒரு பெண்மணி. கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் காலை ஆறரைக்கே பாதிக் கப்பல் வந்துவிட்டது. கூர்முனை, தளம், சரக்கறையின் சதுர வாய், கேப்டன் அறை, எல்லாம் நிஜ அளவு. கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைத் தானே நாடா பிடித்து அளந்து வந்தவர். நடுத்தளத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். "கப்பலுக்குள்ள வண்டிய விட்டது யாரு?" என்று ஒரு சத்தம் போட்டார். எதிர்க்கடைக்காரர் ஓடி வந்து தள்ளிக்கொண்டு போனார்.

வயது நாற்பத்தாறு. ஸ்கூபா முங்குநீச்சல் கடையில் பயணத் திட்டம் போடுவது இவர் வேலை. கடையும் படகும் அண்ணனுடையவை. அண்ணன் சிரித்துப் பேசி ஆள் சேர்ப்பார். தங்கை முறைத்துப் பார்த்து ஆள் கழிப்பார். படகுத்துறையில் இவருக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். எதிரில் யாரும் சொல்வதில்லை. சிலருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். இவருக்கு அது அங்கேயே குடியிருக்கிறது.

சான்றிதழ் வாங்கிய ஈரம் காயாதவர்களுக்கு மட்டும்தான் இவர் திட்டம் போடுகிறார். கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தளம் பதினான்கு மீட்டரில், அடித்தரை இருபத்து நான்கில். புதியவர்களுக்கு எல்லை பதினெட்டு என்பதால் தளத்தோடு சரி. மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே திரும்பி, அதே கயிற்றில் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நீரோட்டம் அடங்கும் முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். உள்ளே மட்டும் போகவே கூடாது. "வெளிய இருந்து பாத்தாலும் கப்பல் கப்பல்தான். உள்ள என்ன விருந்தா வச்சிருக்கு?"

கடைசியாக எப்போது முங்கினீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். போன மாதம் என்றால் நான்கு மாதம் என்று எழுதிக்கொள்வார். சளி இருக்கிறதா, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு, பயமாக இருக்கிறதா என்றும் கேட்பார். இல்லை என்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

பிறகு கோட்டு நடை. இரண்டிரண்டு பேராக, கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், கோட்டுக்கு வெளியிலேயே கப்பலைச் சுற்றி வர வேண்டும். சரக்கறைச் சதுரத்துக்குள் ஒரு பழைய பித்தளை மணி கிடக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எட்டிப் பார்க்கும் ஆசையில் யார் கால் கோட்டைத் தாண்டுகிறதோ அன்று இறங்குபவர்களை எழுதிவைத்த பலகையிலிருந்து அவர் பெயர் அழியும். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. (இதை நான் எழுதிவிட்டதால் இனி மணிக்குப் பதில் வேறு எதையாவது வைப்பார். என்னைத் திட்டுவார்.)

இந்தக் கட்டுரைக்காகவே நான் ஒன்பது நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். என் காலும் தாண்டியது. கால்கூட இல்லை, கட்டைவிரல். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தரையில் கிடக்கும் சுண்ணாம்புக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடினேன்.

"தரையிலயே நிக்காத காலு தண்ணியில நிக்குமா? நீங்க படகுல உக்காந்து எழுதுங்க" என்றார். என் பெயரை ஈரத்துணியால் துடைத்தார்.

கோட்டு நடை இரண்டு வருடமாகத்தான் நடக்கிறது. அதற்கு முன் வாயால் சொல்லித்தான் அழைத்துப் போனார். அப்படிப் போன ஒரு வங்கிக் குமாஸ்தா, படம் எடுக்கும் ஆசையில் சரக்கறைக்குள் நுழைந்துவிட்டார். காலை ஒரு உதை உதைத்ததும் உள்ளே வண்டல் கிளம்பிவிட்டது. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. இவர் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தடவித் தடவிக் கணுக்காலைப் பிடித்து இழுத்து வந்தபோது, அந்த ஆளிடம் இன்னும் இரண்டு நிமிடக் காற்றுதான் இருந்தது. கரைக்கு வந்த குமாஸ்தா, இழுத்த இழுப்பில் காமிரா தொலைந்துவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தார். அண்ணன் தங்கையை மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாதாம்.

"அந்தாளு செத்திருந்தா ஒக்காந்து அழுதிருப்பேன். பொழச்சதுக்கு மன்னிப்பு கேட்டேன்" என்றார் கறார் அக்கா. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கேட்ட எனக்குத்தான் அந்தக் குமாஸ்தாவை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

அன்று எட்டுப் பேர் நடந்து ஐந்து பேர் தேறினார்கள். மண் தரையில் அது நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும், அண்ணனின் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு மாதம், சான்றிதழ் வாங்கிப் பதினோரு நாள். கழுத்தில் புதுக் காமிரா. கேப்டன் அறையில் சுக்கானைப் பிடித்தபடி மாப்பிள்ளை நிற்கும் படத்தைக் கடை வாசலில் பெரிதாக மாட்டப்போவதாக அண்ணன் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த அறைக்குக் குறுகலான ஒரே வாசல். உள்ளே முழங்கால் அளவு வண்டல்.

படகுத்துறையில் ஐந்து பேரும் ஏறிய பிறகு மாப்பிள்ளை வந்தார். அவருடைய சிலிண்டரை அண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார். பலகையில் பெயர் இல்லை, கோட்டில் நடக்கவும் இல்லை என்றார் தங்கை.

"நம்ம வீட்டு மாப்பிள்ளைய வெயில்ல கோட்டுல நடக்கச் சொல்றியா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும்ணே. உன் பொண்ணு அழக்கூடாது."

அந்தப் பெண்ணைப் பாதி வளர்த்தவர் இவர். தன் கணவர் அவசரக்காரர், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று முந்தின நாள்தான் அவள் போனில் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையோ முறுக்குத் தளராமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கப்பலைப் பற்றி வீடியோ எல்லாம் பார்த்தாகிவிட்டது, இரண்டே நிமிட வேலை என்றார். தங்கை அவரைப் பார்த்து, மரியாதை குறையாமல், "மாப்பிள்ளை, உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. இன்னொரு நாள் நடந்து காட்டுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் படகில் காலை வைத்தார்.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவரு வர்றாரு. உனக்கு இஷ்டம்னா வா, இல்லன்னா எறங்கு. நான் கூட்டிட்டுப் போறேன். என் கடை, என் படகு."

அண்ணன் தண்ணீரில் இறங்கி ஆறு வருடமாகிறது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை. தங்கை படகிலிருந்து இறங்கிவிட்டால், தேறிய ஐந்து பேரும் மாப்பிள்ளையின் பின்னால் அந்த வாசலுக்குள் போவார்கள். இறங்காவிட்டாலும் மாப்பிள்ளை மட்டுமாவது போவார். இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. என்ஜினைக் கிளப்பு என்று அவர் கத்த, படகுக்காரர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அந்த ஐந்து பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை.

படகில் ஆளுக்கு ஒரு சிலிண்டர்தான். கடைக்கு எடுத்துப்போய் மறுபடி நிரப்ப அரை மணி நேரம் ஆகும். அதுவரை நீரோட்டம் காத்திருக்காது. கறார் அக்கா மாப்பிள்ளையின் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, மூச்சுக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருகை முழுசாகத் திறந்தார். காற்று வீறிட்டுக்கொண்டு கிளம்பியது. காதைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளை பின்வாங்கினார். அண்ணன் ஏதோ கத்தினார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. தங்கையின் தோளைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். சிலிண்டரின் வாயைச் சுற்றி வெண்பனி கட்டி, விரல்களெல்லாம் வெளுத்த பிறகும், கடைசிக் காற்று போகும்வரை அவர் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.