இராசரத்தினத்தார் விசாரித்த பல்கலைக்கழகம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால், சாதகம் பொருந்துகிறதோ இல்லையோ, இராசரத்தினத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் மேலே போகமாட்டார்கள். மாப்பிள்ளை லண்டனில் இருந்தாலென்ன, பக்கத்துப் பாமன்கடையில் இருந்தாலென்ன, அவனுடைய குடி, கூத்து, பழைய காதல் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே கறந்துவிடுவார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு, சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் மட்டும் ஓய்வே கிடையாது. பக்கத்து ஃபிளாட்காரர் வழமையை விடக் கொஞ்சம் கூடச் சிரித்தால், என்னத்துக்கு அடிபோடுகிறார் என்று யோசிக்கிற மனுஷர்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் தாரிகா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். அவர் கேள்விப்பட்டிராத பெயர். ரொறன்ரோவில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி குலேந்திரன் இருக்கிறான், மனைவி நாகேஸ்வரியின் தமக்கைமார் இருக்கிறார்கள், பெயர்போன பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. இவள் கேட்டதோ கிழக்குக் கரையில், கடலும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்ன ஊரை.

"ஏன் பிள்ளை அங்க?"

"கடல் உயிரியலுக்கு அது நல்லம் அப்பா. வகுப்பில ஆக்கள் குறைவு. முதல் வருசத்திலேயே கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். ஊரும் அமைதியாம்."

பதில் மழுமழுவென்று வந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பாடமாக்கிய காரணம் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, கொழும்புக்கு ஏன் வந்தாய் என்று பொலிஸ் கேட்கும். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று சொல்லும்படி லொட்ஜ்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவர் அதை எவ்வளவு அழகாகச் சொன்னார் என்றால், அந்தப் பொலிஸ்காரர் இரக்கப்பட்டு ஒரு நல்ல டொக்டரின் பெயரையும் சொல்லிவிட்டார். உண்மையில் இவர் உயிரோடு இருக்க வந்தவர். ஏன் என்ற கேள்விக்கு முதலில் வருகிற பதிலை அன்றிலிருந்து அவர் நம்பியதில்லை.

"பொடியன் ஒருத்தன் இருக்கிறான். அவன்தான் அங்க போறான்" என்றார் நாகேஸ்வரியிடம்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை படிக்கத்தானே கேக்குது. உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றாள் அவள்.

மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல அவர் பல்கலைக்கழகத்தை விசாரிக்கத் தொடங்கினார். குலேந்திரனுக்கு வேலை கொடுத்தார். இங்கே மகள் தொலைபேசியில் சிரித்தால் காதைத் தீட்டினார். கடற்கரையோர மறைன் ட்ரைவில் அவள் நடக்கப் போனால், தானும் பாண் வாங்கப் போவதுபோலப் பின்னால் போனார். அவள் தனியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒன்றும் அகப்படாததால் அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது. பெட்டை கெட்டிக்காரி, தடயம் விடாமல் நடக்கிறாள் என்று நினைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குலேந்திரன் கோல் எடுத்தான்.

"அண்ணை, வடிவா விசாரிச்சனான். அந்த ஊரில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை. படிக்கிற பொடியளும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போகப்போறாள்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பொறுங்கோ, பக்கத்து ஊரில எண்டாலும் ஒரு குடும்பத்தைப் பிடிச்சுத் தாறன்."

அவள் விண்ணப்பித்திருந்த புலமைப்பரிசிலுக்கான நேர்முகம் கணினியில் நடந்தது. தாரிகா அறைக்கதவைச் சாத்தினாள். கொழுக்கி சரியாக விழாத கதவு, கொஞ்சம் நீக்கலாகவே நின்றது. அவர் பேப்பரை விரித்துக்கொண்டு கதவோரக் கதிரையில் இருந்துகொண்டார். அவருடைய ஆங்கிலம் அரசாங்க ஆங்கிலம், ஒரு சொல்லும் தப்பவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். கடல், வகுப்பு, அமைதி என்று மகள் அதே பாடத்தை ஒப்புவித்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இதை எல்லாரும் சொல்கிறார்கள், உங்களுக்கென்று ஒரு காரணம் இருக்குமே என்றாள். இப்போது அந்தப் பொடியனுடைய பெயர் வரும் என்று இராசரத்தினத்தார் பேப்பரை மடித்தார்.

"நான் வளர்ந்த இடத்தில் எல்லாருக்கும் என் அப்பாவைத் தெரியும்" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். "பரீட்சை முடிந்த அன்று சிநேகிதிகளோடு கடற்கரையில் ஐஸ்கிறீம் குடித்தேன். நான் வீட்டுக்கு வர முன்னரே மூன்று பேர் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் என்ன சுவையில் குடித்தேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று தேடினேன். யாரும் இல்லை. அதற்காகத்தான். தப்பு ஏதும் செய்வதற்காக இல்லை. யாரும் பார்க்காதபோது நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்."

அவருக்கு முதலில் வந்தது கோபம். வீட்டுக் கதையைப் போய் ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்கிறாளே! பிறகு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, வனிலாவோ?" என்று கேட்டவர் அவர். பகிடி என்று நினைத்துத்தான் கேட்டார். அவள் சிரித்தாள் என்றும் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது யோசிக்க, அவள் சிரித்ததாக ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் பல்கனியில் நின்றார்.

மகளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்துவிட்டதாக அவள் வந்து சொன்னபோதும், "பாப்பம்" என்றார். அவர் ஓம் என்று சொன்னால்தான் பயணம். நாகேஸ்வரி கேட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அதே "பாப்பம்"தான்.

அந்தக் கிழமையே குலேந்திரன் திரும்ப எடுத்தான். அவனுடைய குரல் தொலைபேசியை மீறிக் கேட்டது.

"அண்ணை, பிடிச்சிட்டன்! அந்த ஊரிலயிருந்து முக்கால் மணித்தியால ஓட்டம். சுழிபுரம் ஆக்கள், நல்ல குடும்பம். கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பிள்ளையைப் பாத்து உங்களுக்குச் சொல்லுவினம். இடம் கிடைச்சிட்டுதோ?"

தாரிகா தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. முகம் செத்துப்போயிற்று. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இராசரத்தினத்தார் அவளைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. அந்த ஊர் சரிவரேல்லை. பிள்ளை அங்க போகேல்லை."

"அப்ப எங்க போகுது?"

"இன்னும் முடிவில்லை."

குலேந்திரன் குரலைத் தாழ்த்தினான். விசாரிக்கிறவனின் குரல் அது, அவருக்குத் தெரியும்.

"ஏன் அண்ணை, பிள்ளையில ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை."

குலேந்திரன் நம்பமாட்டான். இன்றைக்கே ரொறன்ரோ முழுக்கக் கதை போகும், கிழமை முடிய முன்னம் வெள்ளவத்தைக்கும் வரும். அவருடைய வீட்டைப் பற்றி இனி மற்றவர்கள் விசாரிப்பார்கள். அவர் தொலைபேசியை வைத்தார்.

தாரிகா கிட்ட வந்து கோப்பையைக் கொடுத்தாள்.

"அப்பா, அண்டைக்கு நான் கதைச்சதைக் கேட்டனீங்களோ?"

"ஓம்."

ஒரு மிடறு குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது.

"போனாப்பிறகு நீயே இடைக்கிடை கோல் எடுத்துக் கதை பிள்ளை. எனக்கு அங்க விசாரிக்க வேற ஆளில்லை."