களிமண் மோட்டாருக்கு நான் போட்ட பெருக்கல் குறி

போன வருசம், சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நடந்தது இது. நான் படித்தது அஞ்சாவதுதானுங்க. ஆனால் இன்றைக்கு என் பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நான் செய்த தண்ணீர் மோட்டார் ஓடாத தோட்டம் இந்தப் பக்கம் கிடையாது. பள்ளிக்கு ஃபேன், பெஞ்சு எல்லாம் நான் வாங்கிப் போட்டதுதான். அதனால் குழந்தைகளின் கைவேலைக் கண்காட்சிக்கு என்னைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது படிக்கும் பெண் குழந்தை ஒன்று களிமண்ணில் மோட்டார் செய்து வைத்திருந்தது. தண்ணீர் வெளியே வரும் வாய், ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையில் பழுதான உருப்படி மேல் சாக்பீசில் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவோம். அதே கைப்பழக்கம். கரும்பலகைக்கு அடியில் கிடந்த சாக்பீசை எடுத்து அந்த மோட்டார் மேலேயும் போட்டுவிட்டேன்.

"இது ரிஜெக்ட் அம்மணி, தண்ணி ஏறாது" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. குழந்தை அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு நின்றது.

விழா முடிந்து காரில் ஏறப் போனேன். அந்தக் குழந்தையின் வகுப்பு டீச்சர் பின்னாலேயே வந்தார். என் மகளைவிடச் சின்ன வயசு. அந்தக் குழந்தை பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லையாம். இந்த மோட்டாரைச் செய்த அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பேசியதாம். ஒரு வாய் தன் வீட்டுக்கு, இன்னொன்று குழாய் இல்லாத பக்கத்து வீட்டுக்கு என்று விளக்கம் சொன்னதாம்.

"சரியா தப்பான்னு நாங்க மொதல்ல பாக்கறதில்லைங்கய்யா. இது எப்படிக் கண்ணு தோணுச்சுன்னுதான் கேப்போம். நீங்களும் கேட்டிருந்தா சொல்லியிருக்குமுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்ப உள்ளே போனேன். குழந்தை மேசைப் பக்கம் தனியாக நின்றிருந்தது. மோட்டாரில் இப்போது ஒரு வாய்தான் இருந்தது. இன்னொன்றை அதுவே உடைத்து எடுத்திருந்தது. குனிந்து, "ரெண்டாவது வாய் எதுக்குக் கண்ணு வெச்சே?" என்று கேட்டேன்.

"தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க" என்றது, தலையைத் தூக்காமல்.

அதற்கப்புறம் அந்தக் குழந்தை வகுப்பில் பேசுகிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் எனக்கு, அதைக் கேட்க மட்டும் இன்றுவரை தைரியம் வரவில்லைங்க.