தம்புள்ளை பஸ் நிலையத்தில் ஒரு பாடகர்

வெங்காய லொறிகளின் புழுதி ஜன்னலால் உள்ளே வருகிறது. பஸ்ஸின் சின்னத் திரையில் ஒரு பழைய ரொக் இசைக்குழுவின் நிகழ்ச்சி ஓடுகிறது. பாடுகிறவன் புதியவன். அந்தப் பாட்டை முதலில் பாடியவர் வெளியே நின்று, "மாத்தளை, கண்டி" என்று கரகரத்த குரலில் ஆள் கூப்பிடுகிறார். ஒரு காலத்தில் அவர் மேடை ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர் படத்தை என் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன்.

யாரிடமும் வலியப் போய்ப் பேசாத நான் இன்று தலையை நீட்டுகிறேன்.

"அண்ணே, இது உங்க பாட்டுதானே?"

"ஆமா தம்பி. தொண்ட கட்டி ஒரே ஒரு ஷோவுக்குப் போகல. அன்னைக்கு எனக்குப் பதிலா வந்தவன்தான் இன்னும் பாடுறான்."

"பொறகு அவங்க உங்களத் தேடவே இல்லயா?"

"போன வாரம் வந்தாங்க. சனிக்கிழம இங்க கிரவுண்ட்ல ஷோ. நான் மேடையில ஏறி அவனுக்கு மால போடணுமாம். மைக்க மட்டும் தொடக் கூடாதாம்."

"போகாதீங்க அண்ணே."

அவர் திரையைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

"புதுச் சட்ட தைக்கக் குடுத்துட்டேனே தம்பி."