அறுபத்தைந்து கிலோ

எங்கள் கபடி டீமுக்கு ஆயுள் ஒரே ஒரு சீசன்தான். தை அறுப்பு முடிந்ததும் தொடங்கி, சித்திரை முடிவதற்குள் கலைந்துபோனது. நடுவில் ஒன்பது ஊர்களில் ஆடி ஏழில் தோற்றோம்.

டீமை நடத்தியவர் ஊர் உரக்கடை முதலாளி. அதுவரை எங்கள் ஊரில் கபடி என்றால் பொங்கலுக்கு இரண்டு தெருக்காரர்கள் மண்ணில் புரள்வது. அவர்தான் ஆட்டத்துக்கு இவ்வளவு கூலி என்று பேசி, வெளியூரிலிருந்து ஐந்து பேரைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் மஞ்சள் பனியன் தைத்துக் கொடுத்தார். முதுகில் ஆளின் பெயர் இருக்காது, பூச்சிமருந்தின் பெயர் இருக்கும். உள்ளூரில் அந்தப் பனியன் கிடைத்த மூன்று பேரில் என் சித்தப்பா ஒருவர். பாடிப் போவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எதிர்ப்பக்கம் போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டு அவர் திரும்புவதற்குள் வெளியே நிற்கும் நான் மூச்சுவிட மறந்திருப்பேன்.

வெளியூர் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவர்களில் உயரமான ஒருவர், கருவாட்டுக் குழம்பு என்றால் மூன்று தடவை சோறு கேட்பவர், மாசி மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் துறையூர்ப் பக்கத்து டீமுக்குப் போய்விட்டார். அங்கே கூலி கூட. கீழப்பழுவூரில் அந்த டீமோடு மோதும்போது பார்த்தால், எங்கள் மஞ்சள் பனியனையே உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்ன மாப்ள, தின்ன சோறு மறந்து போச்சா?" என்று நடுக்கோட்டில் நின்று சித்தப்பா கேட்டார்.

"சோறும் மறக்கல, உன் காலு எந்தப் பக்கம் போவும்னும் மறக்கல" என்றார் அவர்.

அடுத்து பாடிப் போன சித்தப்பாவின் வலது காலை இரண்டு கையாலும் அணைத்துத் திருகிக் கீழே போட்டார். சித்தப்பா எழுந்து, எதுவும் ஆகவில்லை என்று தொடையைத் தட்டிக் காட்டினார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு ஊர்களில் அவர் பாடிப் போகவே இல்லை. கேட்டதற்கு, "அரும்பாவூருக்குன்னு சேத்து வச்சிருக்கேன்" என்றார். எல்லோரும் நம்பினோம்.

அரும்பாவூர்தான் சீசனின் கடைசிப் போட்டி. அங்கே ஒரு மில் டீமுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள், எடுத்துவிட்டால் மில்லிலேயே நிரந்தர வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. தம்பியை வளர்க்க வேண்டும் என்று நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அப்பா. வேலை கிடைத்தே விட்டது போல டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்.

ஆனால் அது எடைப் போட்டி. அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் களத்தில் இறங்க முடியாது. சித்தப்பா அறுபத்தேழரை. மூன்று நாள் சோறில்லை, உப்பில்லை. கடைசி நாள் மதியத்துக்கு மேல் தண்ணீரும் இல்லை. சித்திரை வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் ரோட்டில் நடந்தார். ஓடினால் சீக்கிரம் குறையுமே என்று கேட்டேன். கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்.

அவருக்குக் காவல் நான். ஆறாவது முழுப்பரீட்சை முடிந்திருந்தது. "வூட்டுலயே படிச்சவன் நீதான். கூடவே இரு. அவன் வாயில பச்சத்தண்ணி போவக்கூடாது" என்றார் அப்பா. பருத்தி வியாபாரியின் தராசில் காலையும் மாலையும் அவரை ஏற்றி எடை பார்த்துச் சொல்வதும் என் வேலை. புறப்படும் காலையில் அறுபத்து நாலு கிலோ எண்ணூறு கிராம். அப்பா தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எடை போட்ட பிறகு குடிக்கட்டும் என்று அம்மா ஒரு லிட்டர் பாட்டில் நிறைய குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். அதை என் பையில் வைத்துக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் மாறி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

மைதானத்தில் எடை போடும் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. சித்தப்பா ஒரு வேப்பமர நிழலில் ஒதுங்கினார். கொஞ்ச தூரத்தில் நாற்காலி போட்டு மில்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த பாட்டிலக் குடு தம்பி" என்றார்.

"எட போட்ட அப்புறந்தான்."

"ஒரு மடக்குடா."

"வேணாம் சித்தப்பா. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "யாரு சொன்னா?"

"சயின்ஸ் புக்குல இருக்கு."

"அப்ப முழுசாக் குடிச்சா ஒரு கிலோ ஏறிப்புடுமா?"

"ஏறிடும்."

"நல்லாத் தெரியுமா?"

"டீச்சரே தராசுல வச்சுக் காட்டுனாங்க."

என் பேச்சை ஒரு பெரிய ஆள் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. "சரி, கொப்புளிச்சுத் துப்பிடுறேன், குடு" என்றார். கொடுத்தேன். அவர் துப்பவில்லை. நின்றபடியே, அவசரப்படாமல், ஒரு பாட்டிலையும் குடித்து முடித்தார். மூடியைத் திருகி என்னிடம் நீட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

தராசு அறுபத்தைந்து கிலோ அறுநூறு கிராம் காட்டியது. அரை மணி நேரம் தருகிறோம், ஓடிக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். "வேணாங்க" என்று இறங்கிவிட்டார். ஆறு பேரோடு ஆடி எங்கள் டீம் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. முதலாளி அங்கேயே எல்லோருடைய பனியனையும் கழற்றி வாங்கி உரச்சாக்கில் திணித்தார். "ஒரு பாட்டில் தண்ணிக்கு டீமையே வித்துட்டியேடா" என்றார் சித்தப்பாவிடம். சித்தப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

போன வருடம் பெரம்பலூரில் சித்தப்பாவின் வலது முட்டியை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே ஜவ்வு அறுந்து பல வருடம் இருக்கும் என்றார். எப்போது அடிபட்டது என்று கேட்டதற்கு, "ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. பக்கத்தில் நின்ற எனக்குக் கீழப்பழுவூர் ஞாபகம் வந்தது. அரும்பாவூரில் அவர் களத்தில் இறங்கியிருந்தால் முதல் தடவை பாடிப் போகும்போதே மில்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரிந்தால் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். எடை கூடிப்போனது என்றால் அது ஒரு நாள் தவறு. கால் போய்விட்டது என்றால் அதற்கு மேல் அப்பாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இதெல்லாம் போன வருடத்துக் கணக்கு.

அன்று நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. போனில் செய்தி முன்னாலேயே வந்திருந்தது.

"தண்ணிய யாரு குடுத்தது?" என்று அப்பா கேட்டார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். பையன் வேண்டாம் என்றுதான் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று அவர் சொல்வார் என நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்ப்பா" என்றேன்.

படிக்கிற பிள்ளை என்று அப்பா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அன்று அடித்தார். "படிச்சவன்னு நம்பி அனுப்புனேனேடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். மூன்றாவது அடிக்கோ நாலாவது அடிக்கோ சித்தப்பா, "வுட்டுடுண்ணே" என்றார்.

அம்மா சோறு போட்டாள். மூன்று நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார். உள்ளே பாயை விரித்து, வலது காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துப் படுத்தவர், படுத்த உடனே தூங்கிவிட்டார். நான் கன்னம் எரிய வாசற்படியில் நின்று பார்த்தேன். டீம் போய்விட்டது, வேலை போய்விட்டது, அப்பா பின்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இந்த மனுஷன் வாய் திறந்தபடி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தூங்குகிறார். எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அதன்பிறகு ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.